நீலச் சட்டைக்குள் ஒரு நூற்றாண்டு



அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், அதன் மேற்குக் கோடியில், பாறை மலைகள் மூன்று புறமும் சூழ்ந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கின் வாயிலில் டேவிஸ் கோட்டை என்னும் பழைய படைத்தளம் இருக்கிறது. கோட்டை என்றதும் அகழியும் மதிலும் கொத்தளமும் உங்கள் கண்முன் தோன்றுமாயின், அவற்றை அகற்றிவிடுங்கள். அது மதிலே இல்லாத கோட்டை! நடுவே பரந்த மைதானம். அதன் ஒரு பக்கம் அதிகாரிகளின் வீடுகள். எதிர்ப்பக்கம் சிப்பாய்களின் நீண்ட விடுதிகள். கல்லாலும் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லாலும் எழுப்பப்பட்ட அக்கட்டடங்களுள் சில இன்று செப்பனிடப்பட்டுள்ளன. ஏனையவை குட்டிச்சுவர்களாய் நிற்கின்றன. 1961ஆம் ஆண்டு முதல் அவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஆண்டின் சில குறிப்பிட்ட நாட்களில் அம்மைதானத்தில் சிப்பாய்கள் தோன்றுவார்கள். ஐந்து பித்தளைப் பித்தான்கள் வைத்த கருநீலக் கம்பளிச் சட்டை. வெளிர்நீலக் கம்பளிக் காற்சட்டை. இடுப்பில் தோட்டாக்கள் செருகிய வார். தலையில் அகன்ற விளிம்புத் தொப்பி. எக்காளம் முழங்கும், அணிவகுப்பார்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று உரத்த குரலில் எண்ணிக்கை சொல்வார்கள். மாலையானதும் அச்சட்டையைக் கழற்றி மடித்துக் காரில் வைத்துக்கொண்டு வீடு திரும்பி விடுவார்கள். ஏனெனில் அவர்கள் சிப்பாய்கள் அல்லர். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோரும், ஓய்வு பெற்று வீட்டிலிருப்போருமே அவர்கள். சென்றுபோன ஒரு காலத்துப் படைவீரனைப் போல் உடுத்து, உண்டு, உறங்கி, அவன் வாழ்வைப் பிறர் காண நடத்திக் காட்டுவது அவர்கள் தாமே விரும்பி ஏற்ற பணி. இதனை வரலாற்று மறுநடிப்பு என்று குறிப்பிடலாம்.

ரோமானியப் படைவீரனாக வேடம் பூணுவோர் உண்டு. நெப்போலியன் காலத்துப் பீரங்கிக்காரனாக நிற்போர் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுவோரோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவற்றையெல்லாம் விடுத்து, எல்லைப்புறச் சிப்பாயின் வேடத்தை மட்டும் இம்மாதம் எடுத்துக் கொண்டோம். காரணம் இருக்கிறது. ஏனைய வேடங்களில் எழாத ஒரு கேள்வி இவ்வேடத்தைப் பூண்டவனை நோக்கி எழுகிறது.

எல்லைப்புறம் என்பது யாது? உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்ற பின், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வெள்ளையர் குடியேற்றம் வெள்ளமெனப் பெருகிற்று. இருப்புப்பாதைகளும் வண்டிப்பாதைகளும் நீண்டன. அந்நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த அப்பாச்சி, கொமான்சி, ஷையென், லகோட்டா முதலிய பழங்குடி மக்கள் எதிர்த்து நின்றார்கள். குடியேறியோரைக் காக்கவும், பழங்குடியினரை ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் அடைத்து வைக்கவும் அரசு சிறு சிறு படைத்தளங்களை நெடுக அமைத்தது. ஏறத்தாழ 1890 வரை நீடித்த அக்காலத்தையே எல்லைப்புறக் காலம் என்கிறார்கள்.

அப்படைத்தளங்களில் பணியாற்றியோருள் ஒரு பெரும் பகுதியினர் கறுப்பின மக்கள். அடிமை முறை அரசியல் சட்டத் திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது 1865ஆம் ஆண்டு டிசம்பரில். அதற்கு ஓராண்டு நிறையுமுன்னரே, 1866 ஜூலை 28இல் நிறைவேறிய சட்டம் கறுப்பினச் சிப்பாய்களுக்கென ஆறு படைப்பிரிவுகளை உருவாக்கியது. குதிரைப்படையில் ஒன்பதாவதும் பத்தாவதும், காலாட்படையில் நான்கு. அந்நான்கும் 1869இல் இரண்டாக இணைக்கப்பட்டு இருபத்து நான்காவது, இருபத்து ஐந்தாவது பிரிவுகளாயின. மாதச் சம்பளம் 13 டாலர். குதிரைப்படைக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். காலாட்படைக்குத் தொடக்கத்தில் மூன்றாண்டு. அதிகாரிகள், மிகச் சிலர் நீங்கலாக, அனைவரும் வெள்ளையர். பழங்குடி மக்கள் இவர்களது சுருண்ட முடியைக் கண்டு 'காட்டெருமைச் சிப்பாய்கள்' என்று பெயரிட்டனர் எனச் சொல்லப்படுகிறது. அப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

டேவிஸ் கோட்டையின் பெயரிலேயே ஒரு விந்தை உண்டு. 1854இல் அது நிறுவப்பட்டபோது, அன்றைய போர்த்துறைச் செயலர் ஜெபர்சன் டேவிஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பின்னாளில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென்மாநிலங்களுக்குத் தலைவராகிப் போர் நடத்தியவர் அவரே! உள்நாட்டுப் போரின்போது அத்தளம் கைவிடப்பட்டது. பின்னர் 1867இல் அங்கு மீண்டும் காலடி வைத்தது ஒன்பதாவது குதிரைப்படை. அடிமைத்தளையிலிருந்து அண்மையில்தான் விடுபட்டவர்கள், அடிமைத்தளைக்காகப் போரிட்டவரின் பெயர் தாங்கிய கோட்டையில் கல் சுமந்து, மண் குழைத்துக் கட்டடம் எழுப்பினார்கள். 1885 வரை கறுப்பினப் படைப்பிரிவுகள் அங்கே பணியாற்றின.

இடையே ஒரு செய்தி. நம் இல்லத்தவர்க்கு இது சுவை தரும். அதே ஜெபர்சன் டேவிஸ்தான் அமெரிக்கப் பாலைநிலங்களில் பொதி சுமக்க ஒட்டகங்களைக் கொணர வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1855இல் நாடாளுமன்றம் அதற்காக 30,000 டாலர் ஒதுக்கியது. மறு ஆண்டு டெக்சாஸ் கடற்கரையில் ஒட்டகங்கள் வந்திறங்கின. அவற்றை நடத்த உதுமானியப் பேரரசின் பகுதிகளிலிருந்து ஆட்களும் வந்தனர். அவர்களுள் ஒருவர் ஹாஜி அலீ. அமெரிக்கச் சிப்பாய்களின் நாவில் அப்பெயர் 'ஹை ஜாலி' என்று திரிந்து போயிற்று! 1857இல் ஒட்டகக் கூட்டம் டேவிஸ் கோட்டை வழியாகவே மேற்கே சென்றது. அவர் 1902இல் அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட் என்னும் ஊரில் காலமானார். அவர் அடக்கத்தலத்தின் மீது கல்லால் கூம்பு ஒன்று எழுப்பி, உச்சியில் உலோகத்தால் ஒட்டக உருவம் வைத்திருக்கிறார்கள். ஒட்டகங்களை வரவழைத்து அக்காட்சியை மறுநடிப்பாகக் காட்டுவோரும் டெக்சாஸில் உண்டு. இனி நம் சிப்பாயிடம் வருவோம்.

இவ்வேடத்தைப் பூண விரும்புகிறவர் முதலில் எதிர்கொள்வது செலவு. கம்பளிச் சட்டை, காற்சட்டை, தோற்பாதணி, வார், தண்ணீர்க் குடுவை, போர்வை எனத் தலை முதல் கால்வரை யாவும் பழைய மாதிரியில் தைக்கப்பட்டும் செய்யப்பட்டும் இருத்தல் வேண்டும். செயற்கை இழைத் துணி கூடாது. ஜிப் கூடாது. கையில் கடிகாரம் கட்டியிருந்தால் அது காலத்துக்கு ஒவ்வாதது. இதில் அசட்டையாக இருப்பவரை இவ்வுலகத்தார் 'ஃபார்ப்' என்று ஏளனம் செய்கிறார்கள். மறுபுறம், அடுத்தவர் சட்டையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் 'தையல் எண்ணுவோர்' என்றே பட்டப்பெயர். எக்கலையிலும் இவ்விரு சாராரும் இருப்பார்கள் போலும்!

அடுத்தது கவாத்து. எமரி அப்டன் என்னும் அதிகாரி எழுதிய பயிற்சி நூலை அமெரிக்க இராணுவம் 1867இல் ஏற்றுக்கொண்டது. அந்நூலையே இன்றைய மறுநடிப்பாளரும் கற்கிறார்கள். நால்வர் ஓர் அலகு. அந்நால்வரும் ஒன்றாகத் திரும்புவார்கள், ஒன்றாக நடப்பார்கள். குதிரைப்படையினர் தரையில் இறங்கிப் போரிடும்போது மூவர் முன்செல்ல, நான்காமவன் நான்கு குதிரைகளின் கடிவாளங்களையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான். அணிவகுத்தவுடன் எண்ணிக்கை சொல்வது இதற்காகத்தான். குண்டு மழை பொழிகையில் மிரளும் நான்கு குதிரைகளை ஒரு கையில் அடக்கி நிற்பவனுக்கு வீரன் என்ற பெயர் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அவன் கையை விட்டால் அத்தனை பேரும் பாலைவனத்தில் கால்நடையாக அலைய வேண்டியதுதான்.

துப்பாக்கி 1873ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்பீல்டு. பெட்டியின் மூடியைத் திறப்பது போல் அதன் பின்பகுதியைத் தூக்கி, ஒரே ஒரு தோட்டாவை வைத்து, மூடிச் சுட வேண்டும். மறுநடிப்பில் ரவையே இல்லாத வெற்றுத் தோட்டா மட்டுமே பயன்படும். ஆயினும் அதில் இருப்பது மெய்யான வெடிமருந்து. அருகில் நிற்பவரைக் காயப்படுத்த அது போதும். எனவே பார்வையாளர் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தப்படுகிறார்கள். துப்பாக்கி வெடிக்காமற் போனால் உடனே திறந்து பார்ப்பது பெரும் பிழை. குழலைத் தாழ்த்தாமல், ஆளில்லாத திசை நோக்கிப் பிடித்துச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். இத்தகைய பயிற்சியில் தேறியவரைத் தவிர வேறெவரையும் தேசியப் பூங்காக்களில் சுட அனுமதிப்பதில்லை.

துப்பாக்கிச் சத்தம் கேட்கத்தான் கூட்டம் வருகிறது. அதில் ஐயமில்லை. ஆனால் எல்லைப்புறச் சிப்பாயின் வாழ்நாளில் துப்பாக்கி வெடித்த நாட்கள் மிகச் சில. விடியலில் எக்காளம், இலாயத்தில் குதிரைகளைத் தேய்த்தல், காலை உணவு, பிறகு மண்வெட்டி. சாலை போட்டான், தந்திக் கம்பம் நட்டான், விறகு வெட்டினான், பச்சைச் செங்கல் அறுத்தான், காய்கறித் தோட்டம் போட்டு நீர் பாய்ச்சினான். தினப்படி உணவு உப்பிட்ட பன்றி இறைச்சி அல்லது மாட்டிறைச்சி, ரொட்டி, அவரை விதை, காப்பி, சர்க்கரை. வெளியே பயணம் சென்றால் ரொட்டிக்குப் பதிலாகக் கல்போல் இறுகிய பிஸ்கோத்து. காப்பியில் ஊறவைத்தால்தான் பல் தப்பும்! மெய்யாகவே அவனைப் போல் வாழ்ந்து காட்ட வேண்டுமென்றால், பத்து மணி நேரம் மண் வெட்டிவிட்டுப் பத்து நிமிடம் கவாத்து செய்தால் கணக்குச் சரியாக இருக்கும். அதைப் பார்க்கக் கட்டணம் செலுத்தி யார் வருவார்? ஆகவே மறுநடிப்பு தொடக்கத்திலேயே சிறிது பொய் கலந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நடித்துக் காட்ட இயலாதவையும் உண்டு. 1877 ஜூலையில், கேப்டன் நிக்கலஸ் நோலன் தலைமையில் பத்தாவது குதிரைப்படையின் ஒரு கம்பெனி, காட்டெருமை வேட்டைக்காரர் சிலருடன் சேர்ந்து, கொமான்சியர் கூட்டமொன்றைத் தேடி டெக்சாஸின் வறண்ட பீடபூமிக்குள் சென்றது. வழி தவறியது. நீர்நிலைகள் வறண்டு கிடந்தன. 86 மணி நேரம் அவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிட்டவில்லை. செத்த குதிரைகளின் இரத்தத்தைக் குடித்தார்கள்; சொல்லக் கூசும் பிறவற்றையும் குடித்தார்கள். சிப்பாய்கள் நால்வரும் வேட்டைக்காரர் ஒருவரும் மாண்டனர். எதிரியின் அம்பு ஒன்றுகூட அவர்கள் மீது படவில்லை. கம்பளிச் சட்டையை எவரும் தைத்துக் கொள்ளலாம். குளிர்நீர்ப் பெட்டி காரில் இருக்கும்போது அத்தாகத்தை எங்ஙனம் உடுத்துவது?

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம்.

கறுப்பினச் சிப்பாயாக நிற்பவரிடம் பார்வையாளர் பலவற்றைக் கேட்பார்கள். சட்டை உறுத்தாதா? துப்பாக்கி மெய்யானதா? இவற்றுக்கு விடை எளிது. பெற்றோருடன் வந்த ஒரு பிள்ளை, "நீங்கள் யாரோடு சண்டை போட்டீர்கள்? ஏன்?" என்று கேட்கும்போதுதான் அந்நீலச் சட்டை கனக்கத் தொடங்குகிறது.

விடை என்ன? டேவிஸ் கோட்டையின் சிப்பாய்கள் போரிட்டோருள் முதன்மையானவர் விக்டோரியோ என்னும் அப்பாச்சித் தலைவர். நியூ மெக்சிகோவில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள தம் மூதாதையர் நிலத்தில் இருக்க விடுங்கள் என்பதே அவர் கேட்டது. அரசோ அவருடைய மக்களை அரிசோனாவின் சான் கார்லோஸ் என்னும் வெம்மை மிகுந்த ஒதுக்கிடத்துக்கு அனுப்பியது. 1879இல் அவர் போர் தொடங்கினார். குடியேறியோர் பலர் அவர் ஆட்களின் கையால் உயிரிழந்தனர் என்பதும் மெய். பத்தாவது குதிரைப்படையின் தளபதி பெஞ்சமின் கிரியர்சன், பாலையில் அவரைத் துரத்தி அலையாமல், 1880 கோடையில் நீரூற்றுகளில் சிப்பாய்களை நிறுத்திக் காத்திருந்தார். (இக்கிரியர்சன் முன்னாளில் இசை ஆசிரியர், சிறுவயதில் குதிரையிடம் உதை வாங்கியதால் குதிரைகளைக் கண்டாலே அஞ்சியவர். அவர் குதிரைப்படைத் தளபதியானது காலத்தின் குறும்பு!) ஆகஸ்டு 6ஆம் நாள் ராட்டில்ஸ்நேக் ஊற்றருகே விக்டோரியோவின் கூட்டம் தடுத்து விரட்டப்பட்டது. தண்ணீர் இன்றி அது எல்லை கடந்து மெக்சிகோவுக்குள் சென்றது. அவ்வாண்டு அக்டோபரில் திரெஸ் காஸ்தியோஸ் என்னுமிடத்தில் மெக்சிகோ படையினர் விக்டோரியோவையும் அவருடன் இருந்த பெரும்பாலான வீரர்களையும் கொன்றனர். பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டனர்.

தாகத்தால் மாண்ட படைப்பிரிவு, மூன்றாண்டு கழித்து மற்றவர்களின் தண்ணீரை மறித்து நின்றது. தம் சொந்த நிலமென ஒரு கையளவும் இல்லாதவர்கள், பிறரை அவர்தம் நிலத்திலிருந்து பெயர்க்கும் கருவியானார்கள். அவர்களைக் குற்றம் சொல்லுதல் எளிது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தார் இரவில் வீடு புகுந்து கொல்லப்பட்ட காலம் அது. மாதம் 13 டாலரும், எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பும், மனிதன் என்ற மதிப்பும் வேறெங்கே கிடைத்திருக்கும்? அவர்களைப் போற்றுதலும் எளிது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் கடினம். வேடம் பூண்டவரின் பொறுப்பு அங்கேயே இருக்கிறது என்பது என் துணிபு.

மறுநடிப்பாளர்கள் இக்கேள்வியை இரு வகையில் எதிர்கொள்கிறார்கள். ஒரு சாரார், வேடத்தில் நிற்கும்வரை 1880இலேயே வாழ்வார்கள். பிற்காலச் செய்தி எதுவும் தெரியாதவராகவே பேசுவார்கள். மற்றொரு சாரார் வேடத்தில் நின்றபடியே இன்றைய மனிதராக விளக்கம் தருவார்கள். முதல் வகையில் உயிர் இருக்கிறது; ஆனால் பிள்ளையின் கேள்விக்கு அன்றைய சிப்பாயின் விடை மட்டுமே கிடைக்கும். அவனுக்கு விக்டோரியோ கொள்ளைக்காரன், அவ்வளவே. அவ்விடையோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது நேர்மையாகாது. சட்டையின் தையலைச் சரிபார்க்கச் செலவிட்ட நேரத்தில் ஒரு பாதியை அப்பாச்சி மக்களின் வரலாற்றைப் படிக்கச் செலவிட்டிருந்தால் விடை தானே வரும்.

முதல் வகையிலும் இதைச் செவ்வனே செய்ய முடியும் என்று காட்டியவர் ஷெல்டன் ஜான்சன். கலிபோர்னியாவின் யொசெமிட்டி தேசியப் பூங்காவில் காவலராகப் பணியாற்றிய கறுப்பினத்தவர். 1899இல் எடுக்கப்பட்ட பழம் புகைப்படம் ஒன்றை அங்குள்ள நூலகத்தில் கண்டார். இருபத்து நான்காவது காலாட்படையினர் அதே பூங்காவில் குதிரை மீது அமர்ந்திருந்தனர்! காட்டைக் காக்கும் பணிக்கு அன்று இராணுவத்தையே அனுப்பினார்கள் என்பதும், அதில் கறுப்பினச் சிப்பாய்களும் இருந்தனர் என்பதும் மறக்கப்பட்டிருந்தன. அது முதல் அவர் அக்காலச் சிப்பாயாக உடையணிந்து பார்வையாளர்முன் நின்று தம் கதையைச் சொல்வது போல் சொல்லி வந்தார். 2009இல் 'குளோரிலேண்ட்' என்று ஒரு புதினமும் எழுதினார். அவர் காட்டிய சிப்பாய் மலையைக் கண்டு வியப்பவன். தன்னைக் கண்டு வெள்ளையர் முகம் சுளிப்பதையும் உணர்பவன்.

பழங்குடி மக்களின் குரல் வேறு. 1994இல் அமெரிக்க அஞ்சல் துறை காட்டெருமைச் சிப்பாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, அமெரிக்கப் பழங்குடி இயக்கத்தினர் அதனைக் கண்டித்தனர். அதற்கு ஈராண்டு முன்பு, 1992 ஜூலையில், கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் கோட்டையில் இச்சிப்பாய்களுக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டிருந்தது. அதற்கு வித்திட்டவர் முப்படைத் தளபதிகளின் தலைவராக இருந்த கறுப்பினத்தவர் கோலின் பவல். 1980களின் தொடக்கத்தில் அத்தளத்தில் பணியாற்றியபோது, அச்சிப்பாய்களின் நினைவாக இரண்டு மண் சந்துகளின் பெயர்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதைக் கண்டு மனம் வருந்தியவர் அவர். ஒருவர்க்கு நூறாண்டு கடந்து கிட்டிய மரியாதை, மற்றவர்க்குக் காய்ந்த புண்ணைக் கீறியது போலாயிற்று. இரு தரப்பாரின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.

இங்கே அரசின் ஒரு முடிவைப் பாராட்டத் தோன்றுகிறது. 1961 ஜூலையில், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டை ஒட்டி, வர்ஜீனியாவின் மனாசஸ் போர்க்களத்தில் பல்லாயிரவர் முன்னிலையில் போரை நடித்துக் காட்டினார்கள். மெய்யாகவே மனிதர் மடிந்த மண்ணில் வேடதாரிகள் விழுந்து செத்து, கைதட்டல் வாங்கி எழுந்து சென்றது பலர் மனத்தை உறுத்தியது. இன்று தேசியப் பூங்காத் துறையின் கொள்கை தெளிவானது: எதிரெதிர் அணிகள் சுட்டுக் கொள்வது, அடிபட்டு வீழ்வது போன்ற போலிப் போர் எந்தப் பூங்காவிலும் கூடாது. கவாத்து காட்டலாம், வானை நோக்கிச் சுடலாம், சமைத்துக் காட்டலாம். இறப்பது போல் நடிக்கலாகாது. தனியார் நிலங்களில் இத்தடை இல்லை. மொன்டானாவில், 1876 ஜூன் 25இல் தளபதி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், க்ரோ பழங்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் தம் சொந்த நிலத்தில் அப்போரை நடத்திக் காட்டி வந்துள்ளனர். அங்கே கதை சொல்வோர் பழங்குடியினர். நீலச் சட்டை அணிந்து தோற்று வீழ்பவர்கள் வெளியூரிலிருந்து ஆர்வத்தோடு வந்து சேர்பவர்கள். யார் நிலம், யார் சொல்லும் கதை என்பதைப் பொறுத்து அதே நடிப்பு வேறொன்றாகி விடுகிறது.

சகோதரிகளும் இவ்வேடம் பூணுகிறார்கள். அதற்கு வரலாற்றுச் சான்றே உண்டு. மிசௌரி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கேத்தே வில்லியம்ஸ் என்னும் பெண், 1866 நவம்பரில் ஆணுடை தரித்து, 'வில்லியம் கேத்தே' என்று பெயரை மாற்றிச் சொல்லி, முப்பத்து எட்டாவது காலாட்படையில் சேர்ந்தார். ஏறத்தாழ ஈராண்டுகள் பணியாற்றினார். உடல்நலம் குன்றி 1868 அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ளவும், உறவினரைச் சார்ந்திராமல் வாழவும் விரும்பியே பட்டாளத்தில் சேர்ந்ததாகப் பின்னாளில் செய்தித்தாளுக்குக் கூறினார். முதுமையில் நோயுற்று ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தபோது அது மறுக்கப்பட்டது. இன்று அவர் வேடத்தில் நிற்கும் பெண்கள், அம்மறுப்பையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

டேவிஸ் கோட்டைக்கு மீண்டும் வந்தால், அங்கே சொல்லப்பட வேண்டிய மற்றொருவர் ஹென்றி பிளிப்பர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் தேர்ந்த முதல் கறுப்பினத்தவர், ஆண்டு 1877. பத்தாவது குதிரைப்படையில் அதிகாரியாகி டேவிஸ் கோட்டைக்கு வந்தார். உணவுப்பொருள் கிடங்கின் பணம் குறைந்ததென 1881இல் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கையாடல் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆயினும் அதிகாரிக்கு ஒவ்வாத நடத்தை என்று கூறி 1882இல் பணிநீக்கம் செய்தார்கள். 1940இல் மறையும்வரை தம் பெயரைத் துலக்கப் போராடினார். இராணுவம் அப்பணிநீக்கத்தை நற்சான்றுடன் கூடிய விடுவிப்பாக மாற்றியது 1976இல். குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்பு வழங்கியது 1999 பிப்ரவரியில். பிளிப்பர் வேடத்தை ஏற்பவர் ஒரு துப்பாக்கியும் சுட வேண்டியதில்லை. விசாரணையில் நிமிர்ந்து நின்றால் போதும்.

மறுநடிப்பாளர் எவரும் வராத நாட்களிலும் டேவிஸ் கோட்டையின் மைதானம் ஓசையற்றுக் கிடப்பதில்லை. 1875ஆம் ஆண்டு மாலை அணிவகுப்பு ஒன்றின் ஒலியை மட்டும் பதிவாக்கி ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக உண்டு. எக்காளம் கேட்கும், ஆணைகள் கேட்கும், குளம்படி கேட்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் குடும்பங்கள் மைதானத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். அங்கே புல்லும், அதற்கப்பால் மலையும் மட்டுமே இருக்கும்.